அழகான ஒரு தீர்வுக்கும் பரிசு கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கொஞ்ச நாளாக உங்கள் பத்திரிகையின் கிழக்கு மாகாணப் பக்கத்தில் பாடசாலைப் பரிசளிப்பு விழாப் படங்கள் நிறைய வருகின்றன. ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளும் இணைந்த கணிதத்தில் மாவட்டத்துக்குள் முன்னுக்கு வந்த பிள்ளைகளும் கேடயத்தோடு நிற்கிறார்கள். பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது, அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மண்முனைப் பாலம் வருமுன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து 28 வருசம் படுவான்கரையில் கணிதம் படிப்பித்தவள் நான். ஆனால் இன்று எழுதுவது அப்படி ஒரு படத்திலும் வராமல் போன ஒரு பிள்ளைக்காக.

தரம் 11, இரண்டாம் தவணைப் பரீட்சை. 1, 3, 5 என்று தொடங்கி 39 வரையுள்ள ஒற்றை எண்களைக் கூட்டச் சொல்லி ஒரு வினா. ஒரே அளவால் கூடிக்கொண்டு போகிற எண்களுக்கான கூட்டல் விருத்திச் சூத்திரத்தை எழுதி, பிரதியிட்டு, 400 என்று காட்டினால் 5 புள்ளி. அந்தப் பிள்ளை சூத்திரமே எழுதவில்லை. ஒரு சின்னச் சதுரம் கீறி, அதை மேசன்மாரின் ‘ட’ வடிவ மூலைமட்டம் வைத்த மாதிரி இரண்டு பக்கம் அணைத்து 3 சதுரம், அதை அணைத்து 5, பிறகு 7 என்று கீறிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் முழுச் சதுரம்தான் வருகிறது, 20 ஒற்றை எண் இருப்பதால் பக்கம் 20, ஆகவே 20 தர 20 என்று முடித்திருந்தாள். தகப்பன் மேசன் வேலை. வீட்டில் அவள் தினமும் பார்த்த சாமான் அந்த மூலைமட்டம்.

புள்ளித் திட்டத்தில் இந்த வழி இருக்கவில்லை. திருத்தியது நான்தான். விடைக்கு மட்டும் 1 புள்ளி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன், அன்றிரவு படுத்த பிறகுதான் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது, இத்தனை வருசத்தில் அந்தக் கூட்டுத்தொகை ஏன் அப்படி வருகிறது என்று நான் ஒருநாளும் இவ்வளவு தெளிவாக வகுப்பில் காட்டியதில்லை. மறுநாள் புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன், சரி. ஆனால் அவளுடைய மொத்தப் புள்ளி 61தான். விழா மேடையில் அவள் பெயரை வாசிக்க இடமிருக்கவில்லை. உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு எடுத்தாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் இப்படியான தீர்வுக்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் போகிற போட்டிதான் அது. 2 நாள், நாளுக்கு நாலரை மணித்தியாலம், மொத்தம் 6 கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. பதக்கம் கிடைக்காத பிள்ளை ஒரேயொரு கணக்கை முழுதாகச் செய்து 7க்கு 7 எடுத்திருந்தால் அதற்கும் கௌரவச் சான்றிதழ் உண்டு. அப்புறம், ஒரு கணக்குக்கு யாரும் எதிர்பாராத அழகான தீர்வு வந்தால் அதற்கென்று சிறப்புப் பரிசு. அது எப்போதாவதுதான் கொடுக்கப்படும். 2005இல் மெக்சிகோவில் நடந்த போட்டியில் மூன்றாம் கணக்குக்குச் சுருக்கமாக எழுதிய தீர்வுக்காக மோல்டோவா நாட்டு மாணவன் ஒருவனுக்கு அது கிடைத்தது.

பெரியவர்களுக்கும் அப்படித்தான். கணிதத்தில் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் 4 வருசத்துக்கு ஒருமுறை, 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 350 வருசத்துக்கு மேல் யாராலும் முடியாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ் நிறுவி, அதில் பிழை கண்டுபிடிக்கப்பட்டு, 1994இல் அதைச் சரிசெய்து முடித்தபோது அவருக்கு 41 வயது. விதி விதிதான் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாமல், 1998இல் பெர்லின் மாநாட்டில் சர்வதேசக் கணித ஒன்றியம் அவருக்கென்றே ஒரு வெள்ளித் தகடு செய்து கொடுத்தது. செய்த காரியம் பெரிது, இருக்கிற பரிசு அதற்குப் பொருந்தவில்லை, அதனால் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இது முடியாதா?

ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் ஈரானின் மரியம் மிர்சாகானி, 2014இல். அவர் பெரிய பெரிய தாள்களைத் தரையில் விரித்துப் படம் கீறிக் கீறித்தான் கணிதம் செய்வாராம், அம்மா படம் வரைகிறார் என்றே அவருடைய சின்ன மகள் நினைத்தாளாம். இதை வாசித்தபோது எனக்கு அந்த விடைத்தாள்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

அழகை யார் அளப்பது, கடைசியில் தெரிந்தவர் பிள்ளைக்குத்தான் போகும் என்று என்னோடு படிப்பித்தவர்களே சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பெயரை மறைத்து, வேறு இரண்டு பாடசாலை ஆசிரியர்களிடம் கொடுத்துத் தெரிவு செய்யலாம், பரிசு பெற்ற தீர்வை விழா மண்டப வாசலில் ஒட்டிவிடலாம். தாய் தகப்பனும் மற்றப் பிள்ளைகளும் நின்று வாசித்துப் பார்க்கட்டும். செலவும் ஒரு சின்னக் கேடயத்தின் விலைதான். பெயர் வேண்டுமென்றால் காரைதீவு தந்த விபுலானந்த அடிகளின் பெயரை வைக்கலாம், யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர் அல்லவா.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு கணக்கைப் பத்திரிகையில் போடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் அனுப்புகிற தீர்வுகளில் ஒன்றைத் தெரிந்து, பெயரோடும் பாடசாலையோடும், பிள்ளை கீறிய படத்தை மாற்றாமல் அப்படியே அச்சிடுங்கள். முதல் மாதத்துக்கான நாலு கணக்கையும் நானே எழுதி அனுப்புகிறேன், வருகிற தீர்வுகளை வாசித்துத் தரவும் எனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கொக்கட்டிச்சோலை.