கிருதமால் கரையில் மரம் வளர்ப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மச்சாவதாரக் கதையில் வரும் கிருதமால் நதி, மதுரைக்குள் இன்று கழிவுநீர் வாய்க்காலாக ஓடுகிறது. சாக்கடையைத் திருப்பிவிடும் அதிகாரம் நமக்கில்லை; கரையில் மரம் வைக்கலாம். அந்த வேலையைப் பற்றியதே இவ்வறிக்கை.

நடவைவிடச் சீமைக் கருவேலத்தை அகற்றியதுதான் ஆளை வாங்கிவிட்டது. தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கே அடிக்கட்டை துளிர்த்துவிடும்; வேரோடு தோண்டினால்தான் தீரும். வெட்டிய முள்ளை எரிக்காமல் புதுக் கன்றுகளைச் சுற்றி வேலியாக அடைத்தோம். இரும்புக் கூண்டு களவு போகும். முள்ளை மனிதரும் தொடுவதில்லை, ஆடும் தொடுவதில்லை.

ஐப்பசி மழையில் கரை மேட்டில் நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை வைத்தோம். சரிவில் நொச்சியும் வெட்டிவேரும். மருதுக்கு ஏன் இத்தனை இடம் என்று குழுவில் ஒரு கேள்வி வந்தது. வைகையில் திருமருத முன்துறை என்று மருதின் பெயரிலேயே பழைய படித்துறை இருந்த ஊரில் மருதுக்குச் சிபாரிசு தேவையா? ஐந்து சிறகுள்ள அதன் காய்களைப் பொறுக்கி வந்து, ஊறவைத்து, மொட்டைமாடியில் கன்றாக்கித் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி.

நன்கொடையாக வந்த கோனோகார்பஸ் கன்றுகளைத் திருப்பி அனுப்பினோம். கொடுத்தவருக்கு மனத்தாங்கல்தான். வேகமாகப் பச்சை காட்டும் அயல்மரம் நமக்கு வேண்டாம் என்பதில் குழு உறுதியாக இருந்தது. புங்கன் இலையில் கொப்புளம் கண்டு மருந்தடிக்கச் சொன்னவர்களுக்கு: அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்யும் வேலை. மரம் அதைப் பொருட்படுத்தாது, நாமும் விட்டுவிடலாம்.

பங்குனியில் தூர்வார வந்த பொக்லைன், அள்ளிய சேற்றைச் சரிவிலேயே கொட்டியதில் நொச்சி வரிசை முழுவதும் புதைந்தது. தூர்வாருவதை நாம் எதிர்க்கவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது கரையோர வீடுகள்தாம். தேதியை முன்கூட்டித் தெரிவிக்கக் கோரிக் கடிதம் கொடுத்தோம். பதில் இல்லை.

நடவு நாளில் படமெடுக்கக் கூட இடமில்லாத கூட்டம். கோடையில் குடம் தூக்கியவர்கள் பெரும்பாலும் கரையோரத் தெருப் பெண்களே. சித்திரைத் திருவிழா வாரத்தில் ஊரே அழகர் பின்னால் போய்விட, கரையில் ஆளில்லை. காய்ந்த கன்றுகளில் பெரும்பகுதி அந்த வாரத்தில் போனவை.

ஆகவே வரும் ஆண்டு, கொடியேற்றத்துக்கு முன்பே தண்ணீர் முறைப்பட்டியல் தயாராக வேண்டும். அதில் பெயர் கொடுத்தவர்களுக்கே நடவு நாளில் மண்வெட்டி என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்