பார்க்காமல் தரும் களிம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் வரும் அரிப்பைப் பற்றி எழுதுகிறோம். குமரி மாவட்டத்தில் இதற்குச் சொறிச்சல் என்றுதான் பேச்சு. வீட்டில் சொல்லக் கூச்சம், மருத்துவரிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். கடைசியில் மெடிக்கலில் ‘தொடை இடுக்கில் சொறிச்சல்’ என்று சொல்லி ஒரு டியூப் வாங்குவதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது. அந்த டியூப்தான் எங்கள் கவலை.

அப்படிக் கைமாறும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும். அடக்கியது ஸ்டீராய்டு. படர்தாமரை இருந்தால் அது அடியில் பரவிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி அதே டியூப். மாதக்கணக்கில் பூசினால் தொடை இடுக்குத் தோல் மெலிந்து வரி விழும், அந்த வரி மறையாது. இதற்காகத்தான் 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது.

ஆனால் ஸ்டீராய்டே ஆகாது என்று நினைத்துவிடவும் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும் லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல்நோய்க்கு முதல் மருந்தே அதுதான். தோல் வெளிறி, மெல்லிய காகிதம்போல் சுருங்கும். வெண்மை ஆசனவாயைச் சுற்றியும் பரவும். இரவில் தூங்கவிடாத அரிப்பு. கவனிக்காமல் விட்டால் உள் உதடுகள் ஒட்டித் தேய்ந்து, வாசல் குறுகிவிடும். நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே என்றாலும், புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. இதற்கு 0.05 சதவீத குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு ஆயின்ட்மென்டை முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு நாள் என்று பூசச் சொல்வார்கள். 30 கிராம் டியூப் மூன்று மாதத்துக்கு வர வேண்டும். அதற்குள் தீர்ந்தால் அதிகம் பூசுகிறார் என்று பொருள். படர்தாமரையை வளர்த்துவிடும் அதே மருந்து இங்கே உறுப்பையே காப்பாற்றுகிறது. எது எந்த நோய் என்று கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

இளம் வயதில் அதிகம் காண்பது கேண்டிடா பூஞ்சை. திரிந்த பால்போல் கட்டிகட்டியாக வெள்ளை போகும், நாற்றம் இராது, சிவந்து வீங்கி, சிறுநீர் படும்போது எரியும். குளோட்ரிமசோல் மாத்திரையை உறுப்புக்குள் வைக்க வேண்டும். 100 மில்லிகிராம் என்றால் ஆறு இரவு, 500 என்றால் ஒரே இரவு. இரண்டு இரவிலேயே அரிப்பு நின்றது என்று பாதியில் விடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. வாய்வழி ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் ஒன்றும் போதும், ஆனால் கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஏழு இரவு உள்ளே வைக்கும் மாத்திரைதான்.

ஆண்டில் நான்கு முறை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் மாத்திரை அட்டையையும் கொண்டுபோக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அந்த இனிப்பில் பூஞ்சை செழிக்கும். 2020 இறுதியில் காப்புரிமை முடிந்து டாபாகிளிஃப்ளோசின் விலை இறங்கியபின் பலரும் இதைச் சாப்பிடுகிறார்கள். தாமாக நிறுத்தக் கூடாது, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து அது. சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தாலே பாதித் தொல்லை குறையும்.

வெள்ளை, மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீராகப் போனாலும், நுரைத்து மஞ்சள் பச்சையாகப் போனாலும் பூஞ்சை மருந்து உதவாது. நுரைத்துப் போவது ட்ரைக்கோமோனாஸ் என்ற பால்வினைத் தொற்றாக இருந்தால் கணவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் தொற்றும். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் கண்ணாடிபோல் வழுவழுப்பாகப் போவது நோயே அல்ல, ‘உடல் சூடு’ம் அல்ல.

இனி, நல்லது என்று நம்பிச் செய்து கெடுத்துக்கொள்வது. டெட்டால் கலந்த நீர், வாசனை சோப்பு, மஞ்சள், வேப்பிலை வேகவைத்த வெந்நீர். உறுப்பின் உட்புறம் தானே அமிலத்தன்மை காத்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அங்கே காரமான சோப்பைக் கொண்டுபோனால் காக்கும் கிருமிகள் அழிந்துபோகும். வெளிப்பகுதியைத் தினம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வறட்சி இருந்தால் மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம் (ஆணுறை பயன்படுத்தும் நாளில் வேண்டாம், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்). தாங்க முடியாத அரிப்புக்கு, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும், சொறியச் சொறியத் தோல் தடித்து அதுவே புதிதாக அரிக்கும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. பாதி ஈரத்தில் உள்ளாடை உடுத்துவதும், ரப்பர் தோட்டத்திலும் அண்டி ஆபீசிலும் (முந்திரி ஆலை) வியர்த்த துணியோடு நாள் முழுதும் இருப்பதும் படர்தாமரைக்கு வாசல் திறந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் உள்ளாடையை அயர்ன் செய்து உடுத்துங்கள். சோப்புத்தூள் போக மூன்று தண்ணீர் அலசுங்கள். இரவில் உள்ளாடை வேண்டாம்.

சிறுமிகளுக்கு இரவில் மட்டும் அரித்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். இரண்டு வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று, மருத்துவரைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும்.

மூன்று வாரம் தாண்டிய அரிப்பு, ஆறாத புண், கட்டி, வெள்ளைத் திட்டு, மாதவிடாய் நின்றபின் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவும் தோல் பிரிவும் இருக்கின்றன.

சுகாதாரத் துறையிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்கிறார்கள். அப்போதே வெளித்தோலையும் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பார்த்து, கண்டதை அட்டையில் எழுத வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது, “கீழே அரிப்பு உண்டாம்மா?” என்று தனியாகக் கேட்கவும் அவருக்குப் பயிற்சி தர வேண்டும்.

இப்படிக்கு,
மகளிர் நலப் பணியில் உள்ள செவிலியர்கள் சிலர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.