காலாண்டு நிறைவும் பிறந்தநாள் தின்பண்டங்களும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. 5, 10-ஆம் வகுப்புகளுக்கு டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், பிறந்தநாளுக்குக் கொடுத்தனுப்பும் தின்பண்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் வகுப்பில் கொடுத்த கடலை மிட்டாயைச் சாப்பிட்ட ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இப்போது நலமாக இருக்கிறது. அதன் பிறகு சேர்க்கைப் படிவங்களை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வாமை (அலர்ஜி) பற்றிக் கேட்டிருந்த இடம் பாதிக்கு மேற்பட்டவற்றில் காலியாக இருந்தது.

ஒவ்வாமை எப்படி வருகிறது என்பதைத் தடுப்பூசியை வைத்தே சொல்லலாம். இப்போது போட்ட தடுப்பூசியில் இருப்பது டெட்டனஸ், டிப்தீரியா பாக்டீரியாக்களின் நச்சுப் புரதம்தான், தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்டது. நோய் எதிர்ப்புச் செல்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு பிற்பாடு நம்மைக் காக்கின்றன. சில குழந்தைகளின் உடலில் அதே நினைவு, ஒரு தீங்கும் செய்யாத வேர்க்கடலைப் புரதத்தின் மேல் திரும்பிவிடுகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. முதல் முறை வெளியில் ஒன்றும் தெரியாது. மறுபடி அந்தப் புரதம் வந்ததும் அச்செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை மொத்தமாகக் கொட்டுகின்றன. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வரும். சிலருக்கு ரத்த அழுத்தமே சரிந்துவிடும். “போன தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்ற சமாதானம் இதில் செல்லாது.

“கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்” என்று சிலர் சொன்னீர்கள். 2015-இல் லண்டன் ஆய்வு ஒன்று, கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலையைத் தொடர்ந்து கொடுத்தால் அந்த ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறையும் என்று காட்டியது உண்மைதான். அது ஒவ்வாமை வருமுன் தடுப்பதற்கு, மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்தது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வகுப்பறையில் யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பில் பகிர்ந்துகொள்ளத் தின்பண்டம் கொடுத்தனுப்ப வேண்டாம். கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இத்துடன் வரும் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தாருங்கள். ஒவ்வாமை இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மூச்சுத் திணறும்போது தொடையில் போடும் அந்த ஊசிதான் உயிர் காக்கும், அலர்ஜி மாத்திரை போதாது. வீட்டில் இப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆசையாகச் செய்து அனுப்புவதை நிறுத்தச் சொல்வது எங்களுக்கும் வருத்தம்தான். பிறந்தநாளுக்கு வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுங்களேன், குழந்தையின் பெயரை எழுதி வைக்கிறோம். அன்று பதறாமல் உதவிய பெற்றோருக்கும், படிவத்தை உடனே திருத்திக் கொடுத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்