பம்ப்பை வண்டிக்கு அடியில் மாட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

டெம்போ டிராவலரை வீடு மாதிரி மாற்றுவது பற்றி நீங்கள் போட்ட கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் தண்ணீர் பம்ப்புக்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் தப்பான யோசனை. சத்தம் கேட்காமல் இருக்க அதை வண்டிக்கு அடியில் மாட்டிவிடலாமாம். மழைநாளில் டயர் வாரி அடிக்கிற சேறும் ஜல்லியும் நேராகப் போய் விழுகிற இடம் அது. மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருக்குமே, இதுவும் அதே வகை 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப்தான், உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும். குழாயைத் திறந்தால் பிரஷர் குறைந்து தானாக ஓடும், மூடினால் பிரஷர் ஏறித் தானாக நிற்கும். சேற்றுத் தண்ணீர் தொடர்ந்து பட்டால் முதலில் வயர் முனை பச்சை பூக்கும், அப்புறம் மோட்டார் போகும்.

வண்டிக்குள், டேங்க் பக்கத்தில், தரையோடு, கை நுழைகிற இடத்தில் வையுங்கள். டேங்குக்கு நாலைந்து அடி மேலே வைத்தாலும் இழுக்கும் என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் உறிஞ்சுகிற பக்கத்து ஓஸில் கிளிப் கொஞ்சம் தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட வராது, காற்றுதான் உள்ளே போகும், குழாயில் தண்ணீர் துப்பித் துப்பி வரும், மூடினாலும் பம்ப் நிற்காது, எங்கே கோளாறு என்று தேடித் தேடி அலுத்துவிடும். ஓஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பம்ப்பைச் செங்குத்தாக மாட்டுவதென்றால் மோட்டார் மேலேயும் தண்ணீர் போகிற தலைப்பகுதி கீழேயும் இருக்கட்டும், கசிந்தாலும் மோட்டாருக்குள் இறங்காது.

சத்தத்துக்கு வேறு வழி இருக்கிறது. மெல்லிய பிளைவுட் பெட்டியில் பம்ப்பை மாட்டினால் மேளம் மாதிரி அதிரும், கனமான பலகையில் மாட்டுங்கள். பம்ப்பின் ரப்பர் கால்கள் நசுங்குகிற அளவுக்கு ஸ்க்ரூவை முறுக்குகிறார்கள், பிறகு அந்த ரப்பர் எதற்கு? இரண்டு பக்கமும் ஓரடிக்காவது வளைகிற ஓஸ் போடுங்கள். பிவிசி பைப்பை நேராகச் சொருகினால் அதிர்வு வண்டி முழுக்கப் போகும், பம்ப்பின் பிளாஸ்டிக் மரையும் ஒருநாள் விரிசல் விடும்.

உங்கள் படத்தில் ஃபில்டரையே காணோம். பம்ப்புக்கு முன்னால் ஒரு ஜல்லடை ஃபில்டர் கட்டாயம் வேண்டும். டேங்கில் ஓட்டை போட்டபோது உதிர்ந்த பிளாஸ்டிக் சீவல் வால்வில் போய் உட்கார்ந்தால் பிரஷர் ஏறாது, பம்ப் ஓடிக்கொண்டே கிடக்கும். பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ், போதுமான தடிமனில் வயர், கதவுப் பக்கம் ஒரு சுவிட்ச், இதெல்லாம் பெரிய செலவில்லை. வண்டி ஓடும்போது அந்த சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். குலுங்கலில் ஒரு ஓஸ் கழன்றால் பிரஷர் குறைந்துவிட்டதென்று பம்ப் தானாக ஓட ஆரம்பித்து டேங்கையே தரையில் கொட்டிவிடும்.

லடாக், ஸ்பிதி பக்கம் குளிரில் போகிறவர்கள் ராத்திரி பம்ப்பிலும் ஓஸிலும் இருக்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள், உறைந்தால் தலைப்பகுதி வெடித்துவிடும். அடுத்த முறை இப்படி ஒரு வண்டியைப் படம் பிடித்தால் மெத்தையையும் சீரியல் லைட்டையும் விட்டுவிட்டு, கீழே பம்ப் இருக்கிற பெட்டியைத் திறந்து ஒரு படம் போடுங்கள் சார்.

– ஒரு வாசகர், ஈரோடு