போகாத ஊருக்கு வழி

அடிலெய்டு
ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? கண் ஆபரேஷனுக்குப் பிறகு உச்சி வெயிலில் கடைத்தெருவுக்குப் போவதாகத் தம்பி சொன்னான். வேண்டாம் அப்பா.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் ஆரம்பித்தால் குழந்தைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள். இதைப் பாதியில் விட எனக்கு மனசில்லை. உங்கள் கொடைக்கானல் நாடகத்துக்கு இரண்டாம் பாகம் கிடைத்துவிட்டது.

மதுரையிலிருந்து ஒரு குடும்பமே காரில் கொடைக்கானலுக்கு லீவுக்குப் போகிற அந்தச் சிரிப்பு நாடகத்தை ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் பொங்கலுக்குப் போட்டீர்களே, அதன் கடைசிக் காட்சி எனக்கு இன்னும் வசனத்தோடு நினைவிருக்கிறது. ரேடியேட்டர் கொதித்து நின்ற அம்பாசிடரின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அடுத்த லீவுக்கு ஆஸ்திரேலியா!" என்பீர்கள். எட்டுப் பேரும் மயங்கி விழுவார்கள், திரை விழும். அதற்கப்புறம் எத்தனை பேர் இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்டார்கள்! நீங்களும் ஒரு நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு 'பாகம் 2' என்று எழுதினீர்கள். அவ்வளவுதான். "போகாத ஊருக்கு வழி எழுதக் கூடாதும்மா" என்று மூடி வைத்துவிட்டீர்கள். நான் போய் வந்துவிட்டேன் அப்பா. பள்ளி லீவில் காரிலேயே அடிலெய்டிலிருந்து பெர்த் வரை போனோம்.

ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். அதில் போர்ட் அகஸ்டாவிலிருந்து நார்ஸ்மன் வரை 1,660 கிலோமீட்டருக்கு ஒரே சாலை, அயர் நெடுஞ்சாலை. 1841-இல் இந்த வறண்ட நிலத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்த எட்வர்ட் ஜான் அயரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கடைசிவரை அவரோடு நடந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். அவர் பெயரையும் சேர்த்திருக்கலாம் என்று வழியெல்லாம் எனக்குத் தோன்றியது. முழுச் சாலைக்கும் தார் போட்டு முடித்தது 1976-இல்தான். நடுவில் வருவது நல்லார்பர் சமவெளி. லத்தீனில் 'மரமே இல்லை' என்று பொருளாம். பேருக்கு ஏற்றபடிதான் இருக்கிறது.

முதல் நாள் முழுக்க எனக்கு ஒரே கவலை. உங்கள் நாடகத்தில் சிரிப்பு எங்கிருந்து வந்தது? வத்தலக்குண்டில் சிறுமலைப்பழம் விற்கிறவர், பஞ்சர் கடைக்காரர், லாட்ஜில் பக்கத்து அறை மாமா என்று கொண்டை ஊசி வளைவுக்கு ஒருவர் வந்து வம்பு வளர்த்துவிட்டுப் போவார். இங்கே வளைவும் இல்லை, ஆளும் இல்லை. கைகுனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவில் சாலை 146.6 கிலோமீட்டர் நேர்க்கோடு. மதுரையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் திருச்சி தாண்டும் வரை திருப்பவே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரில் உங்கள் மாப்பிள்ளை, நான், இரண்டு பிள்ளைகள், விசாவில் வந்திருக்கும் அத்தை. இந்த ஐந்து பேரை மட்டும் வைத்து அப்பா எப்படி எழுதுவார் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, பதில் கிடைத்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. பழம், காய்கறி, தேன், செடி எதையும் உள்ளே விடமாட்டார்கள். பூச்சியும் நோயும் பரவி அங்கே விவசாயம் கெட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கண்டிப்பு. நாங்கள் ஒரு கிலோ ஆரஞ்சையும் வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்து தின்று தீர்த்தோம். சின்னவனுக்கு ஏழு பழம். தேன் பாட்டிலைக் கொடுத்துவிட்டோம். அத்தை மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. எங்கள் வீட்டுத் தொட்டியில் பறித்த கறிவேப்பிலை. அதுவும் எலுமிச்சை, நாரத்தை குடும்பம்தானாம், அதனால் கூடாது. அத்தை ஒரே ஓர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தார். அதிகாரியும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புளியோதரையைத் திறந்து பார்த்துவிட்டு, சமைத்தது போகலாம் என்றார்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் நாடகத்தில் அத்தை அப்படியா விடுவார்? "பச்சையாகத்தானே கூடாது?" என்று சாவடிக்கு நூறடி முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்து, கறிவேப்பிலையை எண்ணெயில் வதக்கிப் பொடி செய்ய உட்கார்ந்துவிடுவார். வாசனை பிடித்துக்கொண்டு அதிகாரி வருவார். பின்னால் நிற்கிற லாரிக்காரர் தட்டோடு வருவார். பார்த்தீர்களா, ஆள் வந்துவிட்டது!

இன்னொன்று கேளுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் இப்போது நேரம் இந்தியாவைவிட நான்கு மணி நேரம் முன்னால். பெர்த்தில் இரண்டரை மணி நேரம். நடுவில் இந்த எல்லைப் பக்கத்துச் சிற்றூர்கள் தங்களுக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கின்றன: மூன்றே கால் மணி நேரம். சட்டப்படி அப்படியொரு நேரமே கிடையாது, வசதிக்காக அவர்களே வைத்துக்கொண்டது. அடிலெய்டு நேரப்படி 12:10-க்கு நாங்கள் அங்கே போய் இறங்கினோம். "அப்பாடா, ராகு காலம் முடிஞ்சுது" என்று அத்தை காலை எடுத்து வைத்தார். உள்ளே கடிகாரம் 11:25 காட்டியது. முடிந்த ராகு காலம் மறுபடி பாதியிலிருந்து ஆரம்பம்! பன்னிரண்டு அடிக்கும்வரை கிளம்பக் கூடாது என்று அத்தை சொல்ல, சூரிய உதயத்தை வைத்துத்தானே கணக்கு என்று பெரியவள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா, இதற்கு நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டாம். அப்படியே மேடையில் போடலாம்.

மற்றதையெல்லாம் குறிப்பாக மட்டும் சொல்கிறேன், எது தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள். செடுனாவிலிருந்து கால்கூர்லி வரை 1,365 கிலோமீட்டருக்கு ஒரே கோல்ஃப் மைதானம், மொத்தம் 18 குழி. ஒரு குழியில் அடித்துவிட்டுக் காரில் ஏறி அடுத்த ஊரில் அடுத்ததை அடிக்க வேண்டும். கடலோரத்தில் செங்குத்துப் பாறைக்குக் கீழே திமிங்கிலங்கள், குட்டியோடு. "பெத்தவ எப்படி ஒட்டிக்கிட்டே போறா பாரு" என்று சொன்ன அத்தை அரை மணி நேரம் வேறு பேசவில்லை. சாலையிலேயே சில இடங்களில் விமானம் இறங்கக் கோடு போட்டிருக்கிறார்கள். 1928-இல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவைக்காக. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல்லடோனியாவில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1979 ஜூலையில் அது உடைந்து விழுந்தது இந்தப் பக்கம்தான். நம் ஊர் தலையில் விழப்போகிறது என்று பயந்து, கடைசியாகச் சாப்பிட்டுவிடலாம் என்று தாத்தா ஆட்டை அடித்தாரே, அந்த ஸ்கைலாப்! குப்பை கொட்டியதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதாம். தாத்தாவின் ஆட்டுக்கும் சேர்த்துக் கேட்கிற ஒரு பாத்திரம் வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் ஒரு பெயர்ப் பலகை வந்தது. மதுரா. வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய அதே எழுத்து. ஒரு பெட்ரோல் பங்க், கொஞ்சம் அறைகள், பின்னால் மேடு. ஊர் அவ்வளவுதான். 1876-இல் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்குக் குதிரை வளர்க்க ஏற்படுத்திய இடமாம். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தப் பலகைக்குக் கீழே நின்றேன். உங்களுக்குப் போன் போட்டு "அப்பா, மதுரையிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. சிக்னல் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்த பத்து நிமிஷத்தில் ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கி, ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்டார். அடுத்து முப்பது மீட்டருக்கு மேல் நீளமான ஒரு ரோட் டிரெய்ன் (பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கிற லாரி), அதன் டிரைவரும் கையைக் காட்டிச் சைகையில் கேட்டார். வழியெல்லாம் இப்படித்தான். எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நகரத்தில் ஆறு வருஷமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் யார் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது, நீங்களும் அதைக் கேட்டு வருத்தப்பட்டீர்கள். ஆளே இல்லாத இந்தச் சாலையில் ஒருவர்கூட எங்களைக் கேட்காமல் தாண்டவில்லை.

அதனால் இரண்டாம் பாகத்துக்குக் கூட்டம் வேண்டாம் அப்பா. மேடையில் ஐந்து நாற்காலி போதும், அதுதான் கார். அந்த நேர்ச் சாலையில் புருஷன் பெண்டாட்டி சண்டையை ஆரம்பித்தால் இறங்கிப் போக இடமில்லை, சமாதானம் சொல்ல ஆளில்லை, 146 கிலோமீட்டரும் போட்டுத்தான் தீர வேண்டும். வெளியிலிருந்து அரை மணிக்கு ஒருவர் வரட்டும். மதுராவில் மட்டும் உங்கள் வேஷம் தனியாக இறங்க வேண்டும். கொடைக்கானலில் எதைப் பார்த்தாலும் "எங்க மதுரையில..." என்று ஆரம்பித்த அந்த மனுஷன், இங்கே பலகையைப் பார்த்து என்ன சொல்வார்? எனக்கு எழுத வரவில்லை. மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன்.

பலகையின் படத்தைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக அச்சுப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்த நோட்டு பீரோவில் அம்மாவின் புடவைக்குக் கீழே இருக்கிறது. தீபாவளிக்குள் முதல் காட்சி வந்தால் பிள்ளைகள் இங்கே நண்பர்கள் முன்னால் பேசிக் காட்டுவார்கள். பெரியவள் அத்தை வேஷத்துக்கு இப்போதே தயார், அத்தையே சொல்லிக் கொடுக்கிறார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளா வேளைக்கு விடுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதட்டும். மதுராவில் இறங்கும் இடத்தை மட்டும் உங்கள் கையெழுத்திலேயே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்