பர்னாந்து எங்கள் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த தூத்துக்குடிக் கட்டுரையில், ‘பெர்னாண்டஸ் என்ற பெயருடையோர் போர்த்துகீசிய வழிவந்தவர்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அது தவறு. நான் மணப்பாட்டில் பிறந்த பரதவப் பெண். பர்னாந்து வீட்டுப் பிள்ளை.

முத்துக்குளிப்பை ஒட்டி எழுந்த பகையில் எங்கள் முன்னோர் போர்த்துகீசியரின் உதவியை நாடிக் கொச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். 1536-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். மதம் பரப்ப வந்த புனித சவேரியார் இக்கரைக்கு வந்ததே 1542-இல்தான். பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது எல்லாம் அப்படி இடப்பட்ட பெயர்கள். பெயர் கடல் கடந்து வந்தது, நாங்கள் வரவில்லை.

போர்த்துகீசிய மொழியில் ‘பெர்னாண்டஸ்’ என்றால் பெர்னாண்டோவின் மகன் என்று பொருள். எங்கள் நாக்கில் அது பர்னாந்து ஆகி நாலு நூற்றாண்டுக்கு மேலாகிறது. இலங்கைக் கரையில் பெர்னாண்டோ. டில்மா தேயிலையைத் தொடங்கிய மெரில் பெர்னாண்டோ, வேகப்பந்து வீசிய தில்ஹாரா பெர்னாண்டோ எல்லாரும் அந்தப் பெயர்க்காரர்கள். நடிகர் சந்திரபாபுவின் முழுப்பெயரில் பனிமயதாஸும் சேர்ந்தே இருக்கும். தூத்துக்குடியின் பனிமய மாதா கோயிலை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரே ஊர் சொல்லிவிடும்.

என் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘பர்னாந்து’. பள்ளியில் அண்ணனை ‘பெர்னாண்டஸ்’ ஆக்கினார்கள், என்னை ‘பெர்னாண்டோ’ ஆக்கினார்கள். அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காக, நாங்கள் மூவரும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க எட்டு மாதம் அலைந்தோம். அங்கிருந்த எழுத்தர், “நீங்க ஆங்கிலோ இந்தியரா?” என்று கேட்டார். அன்று பேசாமல் திரும்பி வந்தது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையில் ‘குரூஸ் பெர்னாண்டஸ்’ என்று ஒரு வரியில் கடந்துபோனவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, 1869-இல் பிறந்தவர். நகர்மன்றத் தலைவராக இருந்து, குடத்துக்கு நீரின்றித் தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டுத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தவர். ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் தூத்துக்குடியில் அவர் பர்னாந்துதான். நவம்பர் 15 அவர் பிறந்தநாள். அன்று செய்தி போடும்போதாவது அந்தப் பெயரை எங்கள் ஊர் சொல்கிறபடி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மணப்பாடு