ஸ்வேட் லைனிங்கில் சாயம் ஒட்டாதிருக்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கைவினைப் பகுதியில் தோல்பை தைப்பது பற்றி வெளியான கட்டுரையில், லைனிங்காக வைக்கும் ஸ்வேட் தோலுக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றி, அதன்மேல் அக்ரிலிக் பூச்சைப் பூசிவிட்டால் நிறம் பிற பொருள்களில் ஒட்டாது என்று எழுதப்பட்டிருந்தது. நெடுநாளாகத் தோலில் கைவேலை செய்துவருபவன் என்ற முறையில், இந்த யோசனை பாதியளவே சரியானது என்று தெரிவிக்க விரும்புகிறேன்.

ஸ்வேட்டின் முகப்பு வழவழப்பான மேல்தோல் அன்று. தேய்த்து எழுப்பப்பட்ட நுண்ணிய இழைகளால் ஆன பரப்பு அது. அப்படித் தேய்க்கும்போது உதிர்ந்த தோல்தூள் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும். துணியில் பின்னர் ஒட்டுவது பெரும்பாலும் சாயமேறிய அந்தத் தூளும், தோலோடு பிணையாமல் இழைகளின்மேல் உலர்ந்து கிடக்கும் உபரிச் சாயமுமே. இவற்றை அப்படியே விட்டுவிட்டு அக்ரிலிக்கைக் கெட்டியாகப் பூசினால், இழைகள் படிந்து விறைத்து, ஸ்வேட்டைத் தேர்ந்தெடுத்த காரணமே போய்விடுகிறது. லேசாகத் தெளித்தாலோ அது இழைகளின் அடிவரை சென்று சேராது. நிறமி கலந்த பெயின்ட் இன்னும் மோசம்.

பதனிடும் ஆலைகளில், சுழலும் டிரம்மில் சாயம் தோலுக்குள் ஊடுருவிய பிறகு ஃபார்மிக் அமிலம் சேர்க்கிறார்கள். அமிலத்தன்மை கூடும்போது தோலின் கொலாஜன் புரதம் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள அமிலச் சாயத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றாதது கழுவலில் போய்விடுகிறது. தூரிகையால் பூசும் ஸ்பிரிட் சாயத்துக்கு (ஆல்கஹாலில் கரைத்த சாயம்) இந்த வசதி இல்லை. ஸ்பிரிட் ஆவியானதும் மிஞ்சிய சாயம் அங்கேயே பொடியாக நின்றுவிடுகிறது. (ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும், வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

ஆகவே வேலையின் பெரும்பகுதி அக்ரிலிக் பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சாயமேற்றுமுன் தோலை பிரஷ்ஷால் நன்கு துலக்கித் தூளை உதிர்த்து, சாயத்தை நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, முற்றிலும் உலர்ந்தபின் மறுபடி துலக்கி, வெள்ளைப் பருத்தித் துணியால், அதில் நிறம் ஒட்டுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். கறுப்புக்கும் கருஞ்சிவப்புக்கும் சாயம் அதிகம் தேவைப்படுவதால், இந்தத் துடைப்பு பொறுமையைச் சோதிக்கும்.

தேய்க்கும்போது தோலின் நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 11640 என்ற பன்னாட்டுத் தரச் சோதனையில், கம்பளி ஃபெல்ட்டை (அழுத்திச் செய்த கம்பளித் துணியை) தோலின்மேல் முன்னும் பின்னும் தேய்த்து, அதில் ஏறும் கறையை 1 முதல் 5 வரையிலான சாம்பல்நிற அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். 5 என்றால் கறையே இல்லை. வீட்டில் வெள்ளைத் துணி போதும். ஆனால் அதை ஈரமாக்கியும் தேய்த்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த துணியை மட்டும் நம்பி நான் தைத்துக் கொடுத்த ஒரு கைப்பை, வியர்வை பட்ட கைக்குட்டையை ஒரே நாளில் இளஞ்சிவப்பாக்கித் திரும்பி வந்தது.

வெளிர்நிறத் துணியோ தாளோ வைக்கும் அறைகளுக்கு ஆலையில் டிரம்மில் சாயமேற்றிய ஸ்வேட்டையோ, சாயமே ஏற்றாத இயல்நிறத் தோலையோ பயன்படுத்தலாம் என்பதையும் அக்கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
தோல்வேலை செய்யும் வாசகன்